பண்ணைக்குட்டைக் கரையில் பாய்க்கோரை: சரிந்த கரை முதல் முதல் அறுப்பு வரை

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது, அதன் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை. நீளம் 30 மீட்டர், அகலம் 20 மீட்டர் வரும். 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே அந்த மழையில், குட்டையின் கிழக்குக் கரையும் தெற்குக் கரையும் கட்டி கட்டியாக உள்ளே சரிந்துவிட்டன. கரைமேல் நின்ற வேப்பமரம் ஒன்றும் வேரோடு உள்ளே போய்விட்டது. அந்தக் கரைகளைத் திருத்தி, பாய் நெய்கிற கோரையை நட்டு, முதல் அறுப்பு வரை கொண்டுவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கரை சரிகிற குட்டையோ ஊருணியோ வாய்க்கால் ஓரமோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அளவுகளோடு விவரமாகவே சொல்கிறேன்.

முதலில், கரை ஏன் விழுந்தது? பெருமழை பெய்தது, விழுந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு உள்ளே இறங்கிப் பார்த்தால் இடிந்த இடமெல்லாம் ஒரே மட்டத்தில் தொடங்கியிருந்தது. வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் கோட்டில் கரை உள்வாங்கிக் குடைந்திருந்தது, மேலே இருந்த மண் அடியில் பிடிமானம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்து, மழையில் ஊறிக் கனத்ததும் விழுந்திருக்கிறது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று எப்படி இருக்கும் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 30 மீட்டர் குட்டையில் என்ன பெரிய அலை வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் விரல் உயர அலைதான் என்றாலும் இரவு பகலாக மூன்று நான்கு மாதம் ஒரே கோட்டில் போய் மோதினால் கிழக்குக் கரை என்னத்துக்கு ஆகும்! இன்னொரு காரணம் மோட்டார். நிறைந்த குட்டையை வேகமாக இறைத்தால் நீர்மட்டம் சட்டென்று இறங்கிவிடும், கரை மண்ணுக்குள் ஊறி நிற்கும் தண்ணீர் அந்த வேகத்துக்கு இறங்காது. எதிரிலிருந்து தாங்கிய தண்ணீர் போய்விட்டது, உள்ளே மண் ஈரத்தில் கனக்கிறது, கரையோ செங்குத்தாக வெட்டியது, அப்புறம் அது சரியாமல் என்ன செய்யும்.

கல் பதிக்கச் சொன்னவர்கள் உண்டு, தார்ப்பாய் விரிக்கச் சொன்னவர்களும் உண்டு. கல்லுக்கு ஆகும் செலவு எங்களுக்குக் கட்டாது. தார்ப்பாய் விரித்தால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்காது, உள்ளே விழுந்த தவளையோ ஆமையோ வழுக்கலில் ஏறி வரவும் முடியாது. எனக்கு வழி காட்டியது கால்வாய்தான். அதே வெள்ளம் கன்னடியன் கால்வாயின் கிளை வாய்க்கால்களிலும் கரைபுரண்டு ஓடியது. வெறும் மண்ணாகக் கிடந்த ஓரங்களும், நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும் நின்ற ஓரங்களும் அரித்துப் போயிருந்தன. கோரை அடர்ந்து நின்ற இடங்களில் தாள்கள் எல்லாம் வெள்ளம் போன திசைக்குச் சாய்ந்து, கரைமேல் பாய் விரித்த மாதிரி படுத்துக்கிடந்தன. கையால் விலக்கிப் பார்த்தால் அடியில் மண் அப்படியே இருந்தது. கொஞ்ச நாள் கழித்துப் போனபோது அந்தத் தாள்களுக்கு நடுவிலிருந்து புதுக் குருத்துகள் நிமிர்ந்து நின்றன. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

கோரை என்று பொதுவாகச் சொல்லி யாரிடமாவது நாற்றுக் கேட்டால் எது வேண்டுமானாலும் வந்து சேரும், அதனால் ஆளை அடையாளம் கண்டுகொள்வது முக்கியம். எனக்கு வேண்டியது பத்தமடைப் பாய்க்கும் காவிரிக்கரைப் பாய்களுக்கும் பயன்படும் பாய்க்கோரை. தாவரவியலில் சைபெரஸ் பங்கோரை. 1773-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ராட்பெல் என்பவர் வருணித்து வெளியிட்ட இனம், தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்த காலம் அது. எகிப்தியர்கள் எழுதும் காகிதம் செய்த பப்பைரஸும் இதே சைபெரஸ் பேரினம்தான். பார்த்தால் புல் போலத் தெரியும், ஆனால் புல் குடும்பம் இல்லை, 5,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள கோரைக் குடும்பம். கையில் பிடித்துப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். நெல்லிலோ நாணலிலோ இருப்பதுபோல் தாளில் கணு இருக்காது. அடியில் உருண்டையாகத் தெரியும் தாள், விரலால் உருட்டிக்கொண்டே மேலே போனால் மூன்று பட்டையாக மாறும். இலை என்று பெரிதாக எதுவும் இல்லை, அடியில் பழுப்பு நிற உறைகள் மட்டும் தாளைச் சுற்றியிருக்கும். உச்சியில் பச்சை இலைபோல நீண்ட சில மடல்கள் விரிந்து, நடுவிலிருந்து செம்பழுப்புப் பூங்கொத்து பிரியும். வளமான இடத்தில் ஆள் நெஞ்சு உயரத்துக்கும் மேலே போகும்.

தவிர்க்க வேண்டியது இரண்டு. ஒன்று முத்தக்காசு என்கிற கோரைக்கிழங்கு, சைபெரஸ் ரொட்டண்டஸ். அது முழங்கால் உயரம்கூட வருவது அபூர்வம், அடியில் இலைகள் நிறைய, தோண்டினால் கறுப்புக் கிழங்குகள் ஒன்றோடொன்று நூல் கோத்ததாக வரும், கிள்ளி முகர்ந்தால் மணக்கும். அது வயலுக்குள் நுழைந்தால் என்ன பாடு படவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், எடுத்து வரும் மண்கட்டியில் அதன் ஒரு கிழங்குகூட ஒட்டி வரக் கூடாது. மற்றொன்று சம்பு. பட்டை இலையும் பழுப்பு நிறத் தடித்த கதிருமாக நிற்குமே அது. குட்டை சின்னது என்றால் சம்பு சில வருடங்களில் நடுவரைக்கும் போய்க் குட்டையையே மூடிவிடும்.

பாய்க்கோரை எங்கே தானாக நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே கால்வாய் ஓரமாக நிறைய நடந்தேன். ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஆழமான தண்ணீரில் அது இல்லை. காய்ந்த மேட்டிலும் இல்லை. வாய்க்கால் உள்கரையில் தண்ணீர் வந்து வந்து போகிற பட்டை, குளத்தின் நீர்பிடிப்பில் தண்ணீர் பின்வாங்கும்போது சேறாகிற ஓரம், மடைக்குக் கீழே கசிவு நிற்கும் பள்ளம், வடிகால் சரியில்லாத வயல் மூலை, இங்கெல்லாம் செழித்து நிற்கிறது. தாமிரபரணி ஆற்றோரமும் அப்படித்தான். கரூர், நாமக்கல் பக்கம் காவிரிக்கரையில் வாங்கல், நெரூர், பரமத்திவேலூர் வட்டாரத்தில் இதை ஏக்கர் கணக்கில் பயிராகவே போடுகிறார்கள், அங்கேயும் ஆற்று வண்டலும் பாய்ச்சலும்தான் அடிப்படை. இன்னொன்று வெயில். மருத மர நிழல் விழுந்த இடங்களில் கோரை மெலிந்து, இடைவெளி விட்டு நின்றது. அதே வாய்க்காலில் நிழல் முடிந்த இடத்திலிருந்து அடர்த்தியாகத் தொடங்கியது. ஆகவே கரையைக் காக்கக் கோரை நடுவது என்றால், தண்ணீர் ஏறி இறங்குகிற அந்தப் பட்டையைச் சரியாகக் கண்டுபிடித்து அதில் வைப்பதுதான் முக்கால்வாசி வேலை. உரம், மருந்து, பராமரிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது என்பது என் அழுத்தமான கருத்து.

பட்டையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. வெள்ளத்துக்கு முன்பிருந்தே குட்டைக்குள் ஒரு சவுக்குக் கம்பை நட்டு, 10 சென்டிமீட்டருக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு, நீர்மட்டத்தை வீட்டு நாள்காட்டியில் அவ்வப்போது குறித்து வந்தோம். அதை எடுத்துப் பார்த்தால் ஐப்பசி முதல் தை வரை உச்சம், வைகாசியில் அடிமட்டம், இரண்டுக்கும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். ஆனால் வருடத்தின் பெரும்பகுதி தண்ணீர் நின்றது நடுவே 30, 40 சென்டிமீட்டர் பட்டைக்குள்தான். கரை குடைந்திருந்ததும் சரியாக அந்தப் பட்டைதான். குறிப்பு எதுவும் இல்லாதவர்கள் கரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்: மண்ணின் நிறம் மாறும் கோடு, காய்ந்த பாசி ஒட்டிய கோடு, நத்தை முட்டைக் கொத்துகள் ஒட்டியிருக்கும் உயரம், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கிட்டத்தட்ட விடை கிடைத்துவிடும்.

சித்திரைக் கடைசியில் தண்ணீர் நன்றாக இறங்கியதும் மண் வேலை. ஜேசிபி ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம், ஆழம் ஒரு அடிகூடக் கூட்ட வேண்டாம், சரிவு மட்டும்தான் வேலை என்று. 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடை என்கிற கணக்கில் கரையைச் சாய்த்து வெட்டினோம். நம் வண்டல் மண்ணில் இதைவிடச் செங்குத்தாக விட்டால் நிற்காது, மணல் கூடுதலாக இருந்தால் 1-க்கு 2 வைப்பது நல்லது. இதனால் மேலே கரை அகலத்தில் கொஞ்சம் வயல் குறைந்தது, வீட்டில் அதற்கு ஒரு சின்ன விவாதமும் நடந்தது, சரி, வருடா வருடம் இடிந்து போவதைவிட இது மேல் என்று முடிவானது. சரிவின் நடுவில், அந்த 40 சென்டிமீட்டர் பட்டை இருக்கும் மட்டத்தில், 75 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு படி விட்டோம். இந்தப் படிதான் கோரைக்கான இடம். இயந்திரத்தால் இதைத் துல்லியமாக வெட்ட முடியாது, மம்பட்டிதான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்துக்கொண்டு, கரை நெடுக இரண்டு மீட்டருக்கு ஒரு முளை அடித்து, எல்லா முளையிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டை வைத்துப் படியை வெட்டினோம். கண்மட்டத்துக்கு விட்டிருந்தால் கரையின் ஒரு கோடி தண்ணீருக்குள்ளும் மறு கோடி காய்ச்சலிலும் போயிருக்கும். சரிந்து விழுந்த மண்ணையே மேலே ஏற்றி, ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த அடுக்கு என்று போட்டோம். படி குட்டைப் பக்கம் சாயாமல் கரைப் பக்கம் இம்மியளவு தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் வண்டல் அதில் தங்கும்.

நாற்றுக்கு வாய்க்காலின் கடைமடையில் ஓர் அண்ணாச்சியின் தாழ்வயல் ஓரத்தில் கோரை மண்டிக்கிடந்தது. கேட்டதும் சிரித்துக்கொண்டே, “உள்ள கெடக்கத எவ்ளோ வேணும்னாலும் எடுங்க, கரையில நிக்கதத் தொட்டுராதீய” என்றார். அவருடைய வரப்பு அதனால்தான் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வயல் பக்கம் நீட்டியிருந்ததை மட்டும், ஒரு தூர் எடுத்தால் இரண்டு தூர் விட்டு எடுத்தோம்.

கடப்பாரையால் நெம்பித் தூக்கிய முதல் தூரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தது நல்ல பாடமாக இருந்தது. அடித்தண்டு சுண்டுவிரல் கனத்துக்கும் குறைவாக, கட்டையாக, கறுத்த பழுப்புச் செதில்கள் போர்த்தி, மண்ணுக்குள் படுக்கையாகவே ஓடுகிறது. அதன் நுனியில் வெள்ளையாகக் கூர்மையான முளை. சற்றுத் தள்ளித் தள்ளி மேல்நோக்கித் தாள்கள், கீழ்நோக்கி வேர்கள். பக்கத்துத் தூரின் அடித்தண்டு இதன் மேலே, இன்னொன்று கீழே என்று ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, பிரித்தெடுக்க அரிவாள்தான் வேண்டியிருந்தது. கரையைப் பிடித்து வைப்பது இந்தப் பின்னல்தான். அதைவிட எனக்குப் பிடித்தது வேரின் நிறம். சுற்றியிருந்த சேறு கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம், காற்றே இல்லாத மண். ஆனால் வேர்கள்மேல் மட்டும் துரு நிறத்தில் ஒரு பூச்சு. விரலால் தேய்த்தால் செம்பழுப்பாக ஒட்டுகிறது. அது நிஜமாகவே இரும்புத் துருதான். கோரை மேலேயிருந்து காற்றைத் தாள் வழியாக வேருக்கு இறக்குகிறது, வேரிலிருந்து கசியும் பிராணவாயு பட்டதும் சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு துருவாகி வேர்மேல் படிகிறது. தாளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளைச் சோறு, அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சின்னச் சின்னத் துவாரங்கள். ஒரு துண்டைத் தண்ணீருக்குள் பிடித்து நசுக்கினால் வெட்டுவாயிலிருந்து குமிழிகள் வரிசையாக வரும். பிள்ளைகளிடம் காட்டுங்கள், சேற்றில் ஒரு செடி எப்படி மூச்சு விடுகிறது என்பதைப் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

நடவில் கைக்கொள்ள வேண்டிய ஒரே கண்டிப்பான விதி இதிலிருந்து வருகிறது: தாளை வெட்டினால் வெட்டிய முனை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். முழுத்தாளோடு நட்டால் காற்றில் ஆடி வேர் பிடிக்காது, அதனால் வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒட்ட வெட்டிவிட்டு அடுத்த வாரம் தண்ணீர் மேலே ஏறிவிட்டால் உள்ளே போகும் காற்று நின்று தூர் அழுகிவிடும். நாங்கள் முழங்கால் உயரம் விட்டு வெட்டினோம். இரண்டு மூன்று தாளும் ஒரு வெள்ளை முளையும் இருக்கும்படி அடித்தண்டைச் சாண் நீளத் துண்டுகளாக நறுக்கி, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றைக்கே நட்டுவிட்டோம். துண்டைப் படுக்கையாக, 5 சென்டிமீட்டர் ஆழத்தில், முளை கரைக்கு இணையாகப் பார்க்கும்படி வைத்து, குதிகாலால் மிதித்து அழுத்த வேண்டும். 30 சென்டிமீட்டர் இடைவெளி, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் மாற்றி மாற்றி. அலை அடிக்கிற கிழக்குக் கரையில் மட்டும் மூங்கில் பிளாச்சைக் கவையாக மடித்து ஒவ்வொரு துண்டின்மேலும் குத்தி வைத்தோம்.

எந்த மட்டம் சரி என்பதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக மூன்று உயரத்தில் நட்டோம். கீழ் வரிசை, வழக்கமான நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே. நடு வரிசை, படியின் மேல். மேல் வரிசை, படிக்கு ஒரு முழம் மேலே சரிவில். அதற்கும் மேலே கரை உச்சி வரை அருகம்புல் பதித்தோம், அங்கே கோரைக்கு வேலை இல்லை.

முதல் சில வாரம் தாள்கள் மஞ்சளாகிக் காய்ந்துகொண்டே வந்தன, பார்க்கிறவர்கள் பட்டுப்போச்சு என்றார்கள். பழைய தாள் காய்வது பொருட்டில்லை, அடியிலிருந்து புதுக் குருத்து வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வந்தது. குருத்து வரத் தொடங்கியதும் நீலத் தாழைக்கோழிகளும் வந்தன. எவ்வளவு அழகான பறவை, நீலமும் சிவப்பு அலகும்! ஆனால் காலால் குருத்தைப் பிடித்து இழுத்து அடியில் இருக்கும் மென்மையான வெள்ளைப் பகுதியை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். விரட்ட மனமில்லை, விரட்டினாலும் நிற்காது. நட்ட வரிசையின்மேல் வேலிக்கருவை முள்ளைப் பரப்பலாகப் போட்டு வைத்ததில் பிரச்சினை தீர்ந்தது, ஆடும் மாடும் இறங்காமல் இருக்கவும் அதுவே போதுமானதாக இருந்தது. தூர் கட்டிய பிறகு அவை தின்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, தின்கிற அளவைவிட வேகமாகக் கிளைக்கிறது.

கார் பருவத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரையும் கூடவே வந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. கோரை வரிசை அதை ஓரத்திலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது, அது நல்லதுதான், கையால் எடுக்க எளிது. ஆனால் எடுக்காமல் விட்டால் குருத்துகளை மூடி வெயிலை மறைத்துவிடும். குட்டைக்குள் தண்ணீர் விழும் வாயில் மூங்கில் தட்டி ஒன்றைச் சாய்த்து வைத்தால் பெரும்பகுதி அங்கேயே நிற்கும்.

2024 டிசம்பர் நடுவில் மறுபடியும் பெருமழை, ஆற்றில் வெள்ளம். குட்டை நிறைந்து மேற்குப் பக்கக் கலுங்கு வழியாக வழிந்தது. நடு வரிசையில் தாள்களின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் தெரிந்தது. தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியதும் கரையைச் சுற்றி நடந்து பார்த்தோம். கோரை இருந்த இடத்தில் குடைச்சல் எங்கும் இல்லை. படியில் விரல் கனத்துக்குப் புது வண்டல் படிந்திருந்தது. தெற்குக் கரையில் நாங்கள் தண்ணீர் எடுக்க இறங்கும் பாதைக்காக நடாமல் விட்ட சின்ன இடத்தில் மட்டும் மண் வழிந்து ஒரு பள்ளம். நட்ட இடத்துக்கும் நடாத இடத்துக்கும் நடுவே கோடு கிழித்தமாதிரி தெரிந்தது.

இனி அந்த மூன்று வரிசையின் கதை. கீழ் வரிசையில் முக்கால்வாசி போய்விட்டது. ஆனி, ஆடியில் ஊன்றி வளர்ந்தவைதான், ஆனால் தாள் உயரம் போதுமான அளவு வருவதற்குள் ஐப்பசித் தண்ணீர் மேலே ஏறிவிட்டது. எஞ்சியவையும் நின்ற இடத்தில் பரவாமல், முளைகளைக் கரைப் பக்கமே அனுப்பிப் படியில் ஏறிக்கொண்டன. மேல் வரிசை மழைக்காலத்தில் பச்சையாக இருந்தது, மாசி பங்குனிக்குப் பிறகு தாள் காய்ந்து, அருகம்புல்லோடு போட்டியில் மெலிந்துவிட்டது. ஆனாலும் சாகவில்லை, தோண்டிப் பார்த்தால் அடித்தண்டு உள்ளே வெள்ளையாக உயிரோடு இருந்தது, முதல் கோடைமழைக்குத் துளிர்த்தது. நடு வரிசை இடைவெளியே தெரியாமல் அடைத்து, படியின் 75 சென்டிமீட்டரையும் நிரப்பிவிட்டது. ஆக, கீழே ஆழத்துக்கு அது தானாகப் போகாது என்பதும், மேலே வறட்சியில் பொறுத்துக்கொள்ளும் ஆனால் செழிக்காது என்பதும் எங்கள் மண்ணிலேயே தெரிந்துவிட்டது. இனிமேல் நட்டால் நடு வரிசைக்கு மட்டும்தான் செலவழிப்பேன், மேலும் கீழும் அதுவாகவே தனக்கு வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொள்ளும்.

தாள்கள் அடர்ந்த பிறகு அங்கே யார் யார் வந்து குடியேறுகிறார்கள் என்று பார்ப்பது தனிச் சந்தோஷம். காலையில் தாள்களின் நடு உயரத்தில் தும்பியின் காலிச் சட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், முதுகில் பிளந்து, உள்ளே வெள்ளை இழைகளோடு. தண்ணீருக்குள் புழுவாக இருந்தது ஏறி வந்து உரித்துவிட்டுப் பறந்து போக ஒரு குச்சி வேண்டும் இல்லையா, அது இப்போது குட்டையைச் சுற்றிலும் இருக்கிறது. விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாகக் கோரை ஓரத்தில் வந்து மூச்சு வாங்கும், கீழே தாய் நிழலாகத் தெரியும். மடையான் கரையில் நின்று காத்திருக்கும். முன்பு செங்குத்துக் கரையாக இருந்தபோது இவை எதற்கும் அங்கே இடம் இல்லை. குட்டை என்றால் ஆழம் என்றுதான் நாம் நினைக்கிறோம், உயிர்கள் கூடுவது இந்த ஓரத்தில்தான்.

கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகள் சில. வயலுக்குள் பரவாதா? ஈரம் இருக்கும் பக்கமெல்லாம் அடித்தண்டு போகும், அதனால் வயல் பக்கம் கரை காய்ந்த மேடாக இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை ஓரமாக மம்பட்டியால் ஒரு வெட்டு வெட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். முத்தக்காசு மாதிரி கிழங்கு கோத்துக்கொண்டு போகிற சங்கடம் இதில் இல்லை. கொசு? மீனும் தும்பிப் புழுவும் இருக்கும் தண்ணீரில் நாங்கள் பார்த்தவரை கூடவில்லை, ஆனால் அறுத்த தாளைத் தண்ணீரிலேயே அழுக விடக் கூடாது. பாம்பு? தண்ணீர்ப் பாம்பு இருக்கிறது, அதற்கு விஷம் கிடையாது. கரை மேட்டில் வேறு பாம்பும் இருக்கலாம் என்பதால் அறுக்க இறங்கும் முன் கம்பால் தட்டிவிட்டு, காலுக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் இறங்குவோம்.

அறுப்பு. நட்டு ஏறக்குறைய ஒரு வருடத்தில், தாள் கடும்பச்சையாகி உச்சியில் பூ பழுக்கத் தொடங்கியபோது அறுத்தோம். காவிரிக்கரையில் முதல் அறுப்புக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு அறுப்பு எடுக்கிறார்கள், மறுநடவு இல்லாமல் பல வருடம் தொடரும். நமக்குக் கரைதான் முக்கியம் என்பதால் ஒரே நேரத்தில் முழுக்க அறுக்காமல், ஒரு பாகம் அறுத்து ஒரு பாகம் விட்டு எடுத்தோம். அதுவும் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போதுதான். காரணம் முன்னே சொன்ன அதே காற்று விஷயம். அறுத்ததை நீளவாரியாகத் தரம் பிரித்து, பச்சையாக இருக்கும்போதே கத்தியால் நெடுக இரண்டாகக் கிழித்து, வெயிலில் பரப்ப வேண்டும். காயக் காய ஓரம் உள்ளே சுருண்டு, பச்சை வெளுத்து வெளிர்மஞ்சளாக வரும். பனி பட்டாலோ தூறல் விழுந்தாலோ கறுத்துப்போகும், ஆகவே மாலையில் அள்ளி உள்ளே வைத்துவிட்டுக் காலையில் மறுபடி விரிக்க வேண்டும்.

காய்ந்த கட்டைப் பத்தமடைக்குக் கொண்டுபோனேன், எங்களுக்கு அது பக்கத்து ஊர்தான். பட்டுப்பாய் என்று சொல்லும் அந்த மெல்லிய பாய்க்குக் கோரையை மயிரிழையாகக் கிழித்து, உள்சோற்றை வழித்து, ஓடுகிற தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பருத்தி நூல் பாவில் குறுக்காகக் கோத்து நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பாய் அது. நெசவு செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் எங்கள் கோரையில் ஒன்றை உருவி, நகத்தால் கீறி, வளைத்துப் பார்த்தார். “தம்பி, இது மொதக் கோரைல்லா, தடியாத்தான் இருக்கும். நெருங்கி வளரட்டும், மெலிஞ்சு நீளமா வரும். ஓரத்துல வெயில் பட்டு நின்னத விட்டுட்டு நடுவுல நின்னதத் தனியா கட்டிக் கொண்டாங்க” என்றார். நுண்பாய்க்கு ஆகாது, சாதாரணப் பாய்க்கு ஆகும் என்று பிரித்து எடுத்துக்கொண்டார். கட்டிலிருந்து இரண்டு தாளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது: நடுவில் நெருக்கத்தில் வளர்ந்தது அடியிலிருந்து நுனி வரை ஒரே கனம், ஓரத்தில் நின்றது அடி தடித்து நுனி சட்டென்று ஒடுங்கியது.

அடுத்த வேலை வடக்குக் கரை. அங்கே சரிவு குறைவு, அலை குறைவு, அதனால் ஜேசிபி தேவைப்படாது, மம்பட்டியால் படி மட்டும் வெட்டினால் போதும். நாற்றுக்கும் வெளியே போக வேண்டியதில்லை, நடு வரிசையிலேயே நெருங்கிய தூர்களைக் கலைத்துக்கொள்ளலாம். இரண்டாவது அறுப்பு முடிந்து, வைகாசியில் தண்ணீர் இறங்கிப் படி வெளியே தெரிந்ததும் தொடங்குகிறோம். அக்கம்பக்கத்தில் நாற்று வேண்டியவர்கள் அந்த நேரத்துக்கு ஈரச்சாக்கோடு வந்தால் கையோடு எடுத்துப் போகலாம்.